ட்ரைபொட் தலை வாங்கப் போகிறவர்களுக்கு

மட்டக்களப்பில் கமெரா பழுது பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: விழுந்து உடைந்து என் மேசைக்கு வருகிற கமெராக்களில் பல, ட்ரைபொட்டில் பூட்டியிருந்தபோதே விழுந்தவை. கால்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. கால்களின் மேல் கமெராவைச் சாய்த்துத் திருப்ப உதவும் தலையோ, கமெராவின் அடியில் பூட்டும் தகடான பிளேட்டோ, அதைப் பிடிக்கும் திருகாணியோ கைவிட்டிருக்கும். கமெராவுக்கும் லென்ஸுக்கும் லட்சக்கணக்கில் கொடுத்தவர்கள், இரண்டையும் தாங்குகிற சாமானில் மட்டும் காசு பார்ப்பது எனக்கு மனவருத்தம்.

முதலில் பிளேட்டைப் பாருங்கள். இப்போது அதிகம் புழங்குவது ஆர்கா சுவிஸ் வகை. அகலம் ஏறத்தாழ 38 மில்லிமீற்றர். ஆனால் கம்பனிக்குக் கம்பனி மயிரிழை வித்தியாசம் இருக்கும். தலையில் பிளேட்டைக் கவ்வும் கிளாம்ப், திருகி இறுக்கும் வகையானால், அதைச் சமாளித்துவிடும். மடக்கிப் பூட்டும் லீவர் கிளாம்பில் வேறு கம்பனி பிளேட்டைப் போட்டால், பூட்டிய மாதிரி இருக்கும், பிடித்திருக்காது. அதனால் பூட்டியதும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். பல பிளேட்டுகளின் அடியில், இரண்டு முனையிலும், சின்னத் தடுப்பு ஆணிகள் வரும். கிளாம்ப் இளகினாலும் கமெரா வழுக்கி விழாமல் தடுப்பவை அவைதான். தொந்தரவு என்று கழற்றி வைக்காதீர்கள்.

கலியாண வீட்டில் மாப்பிள்ளையையும் பெண்ணையும் நெடுக்காகப் படம் எடுக்க, உள்ளே உள்ள பந்தால் எப்பக்கமும் சாயும் பந்துத் தலையைப் பக்கவாட்டில் சாய்ப்போம். அப்போது முழுப் பாரமும் அந்தக் கால் அங்குலத் திருகாணியில் தொங்கும். பிளேட் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழன்று இளகும். கமெராவின் அடியையும் பக்கத்தையும் அணைக்கும் எல் வடிவ பிராக்கெட் போட்டால், கமெராவையே நெடுக்காகத் திருப்பிப் பூட்டலாம்; தலையைச் சாய்க்கவே தேவையில்லை. வீடியோதான் முக்கிய வேலை என்றால் பந்துத் தலையை விட்டுவிட்டு கமெராவை வெட்டாமல் சீராகத் திருப்ப விடும் ஃபுளூயிட் தலை எடுங்கள்.

பெட்டியில் போட்டிருக்கிற கிலோக் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். நீளமான லென்ஸ் முன்னால் இழுக்கும் இழுப்பு அந்தக் கணக்கில் வராது. உங்கள் பாரத்தைப் போல் இரண்டு மூன்று மடங்கு தாங்கும் தலையே பாதுகாப்பு. லென்ஸில் அதைச் சுற்றிப் பிடிக்கும் வளையமான கொலர் இருந்தால் ட்ரைபொட்டில் பூட்ட வேண்டியது அந்தக் கொலரைத்தான். கமெராவைப் பூட்டி லென்ஸை அந்தரத்தில் விட்டால், லென்ஸும் கமெராவும் சேரும் இடமான மவுண்டுக்குத்தான் வருத்தம்.

குமண தேசியப் பூங்காவுக்குப் பறவைகளைப் படம் எடுக்கப் போகிறவர்கள் 150-600 மில்லிமீற்றர் போன்ற நீளமான லென்ஸுக்கு, பாரத்தைச் சமநிலையில் வைத்து இலகுவாகத் திருப்ப விடும் கிம்பல் தலை கேட்கிறார்கள். நிலத்தில் நின்று எடுக்க அது அருமையான சாமான். ஆனால் ஜீப்புக்குள் ட்ரைபொட் விரிக்க ஏது இடம்? கெட்டித் துணிப் பையில் அரிசியோ பயறோ நிரப்பி ஜீப் கம்பியில் வைத்து, சாரதியிடம் என்ஜினை நிறுத்தச் சொல்லுங்கள். அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

கல்லடிக் கடற்கரையில் கச்சான் காற்று வீசும்போது ட்ரைபொட்டின் நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். பாரத்துக்காக அதில் பையைத் தொங்கவிட்டால், பையின் அடி மணலில் முட்டட்டும். ஆடினால் தொங்கவிட்டும் பயனில்லை. வீட்டுக்கு வந்ததும் கால்களை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். தலையை மட்டும் ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். பந்தில் எண்ணெய் பூசினால் பிடிப்புப் போய்விடும்.

கடைக்குப் போகும்போது உங்கள் கமெராவையும் ஆகப் பாரமான லென்ஸையும் கொண்டுபோங்கள். பூட்டி, முன்பக்கம் சாய்த்து, தூரத்துப் பலகையில் உள்ள ஓர் எழுத்தைத் திரையின் நடுவில் வைத்து இறுக்குங்கள். கையை எடுத்ததும் எழுத்து நடுவிலிருந்து நகர்ந்தால், அந்தத் தலை உங்கள் லென்ஸுக்குப் போதாது. அடுத்ததை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.