நீலம் போச்சு, நஞ்சு போச்சா?

2022 ஏப்ரல் வெள்ளம் தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு அருகே எங்கள் டோங்காட் ஊரின் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தைச் சிதைத்துப் போட்டபின் மாதக்கணக்கில் எங்கள் பக்கம் குழாயில் தண்ணீர் வரவில்லை. லாரிக்குப் பக்கெட்டோடு நின்றவர்கள் நாங்கள். அதனால் "வெயிலே தண்ணீரைச் சுத்தம் செய்யும்" என்று யார் எதை விற்க வந்தாலும் கூட்டம் கூடிவிடுகிறது.

போன மாதம் பெரியம்மா அப்படி ஒரு பாத்திரம் வாங்கி வந்தார். விற்றவர் அதில் நீலச் சாயத் தண்ணீரை ஊற்றி வெயிலில் வைத்தாராம்; அரை மணியில் பளிங்கு மாதிரி ஆகிவிட்டதாம். "தண்ணி லேபில வேலை பாக்குறியே, நீ சொல்லு" என்றார்.

அடிப்படை பொய்யில்லை. உள்ளே பூசியிருப்பது டைட்டானியம் டைஆக்சைடு என்ற வினையூக்கி, அதாவது தான் தீராமலே வினையை நடத்திவைக்கும் பொருள்; வெள்ளை பெயின்ட்டில் இருப்பதும் அதுதான். நமது ரிச்சர்ட்ஸ் பே மணலில் தோண்டுகிற இல்மனைட் தாது அதற்கு மூலப்பொருள். டைட்டானியம் டைஆக்சைடின்மேல் ஒளி பட்டால் தண்ணீர் பிளக்கும் என்று 1972இல் ஜப்பானின் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் காட்டினார்கள். புறஊதாக் கதிர் பட்டதும் ஓர் எலக்ட்ரான் எழும்பிப் போகிறது. அது விட்டுப்போன குழி தண்ணீரிலிருந்து ஹைட்ராக்சில் ரேடிக்கல் என்ற துடிப்பான மூலக்கூறுத் துண்டை உண்டாக்குகிறது. இந்த ரேடிக்கல் ஓசோனைவிட முரடு. எதிர்ப்பட்ட கரிமப் பொருளைக் கடித்துக் குதறும். கடைசிவரை விட்டால் மிஞ்சுவது பெரும்பாலும் கரியமில வாயுவும் தண்ணீரும்.

கடைசிவரை விட்டால். சாயத்தின் நிறம் போக மூலக்கூறில் ஓரிடம் உடைந்தாலே போதும். மிச்சத் துண்டுகள் கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீரிலேயே கிடக்கும். சில நேரம் அந்தத் துண்டு தாய்ப்பொருளைவிட மோசம். மெத்திலீன் நீலம் என்ற சாயம் உடையாமலே நிறமற்ற வடிவத்துக்கு மாறும். காற்றுப் பட்டால் மறுபடி நீலம். சாயம் பூச்சில் ஒட்டிக்கொண்டாலும் தண்ணீர் தெளியும். நிறம் போக வெயில் மட்டுமே போதும் என்பதற்குச் சாட்சி காவடிக்குக் கட்டிய வேட்டி: மஞ்சள் கறையோடு கொடியில் போட்டால் சாயங்காலம் வெளுத்திருக்கும். அதில் எந்த வினையூக்கி பூசினோம்?

அதனால்தான் லேபில் மூன்று ஜாடி வைப்போம்: வினையூக்கியோடு இருட்டில் ஒன்று, வினையூக்கி இல்லாமல் வெயிலில் ஒன்று, இரண்டும் சேர்ந்து ஒன்று. பிறகு நிறத்தை விட்டுவிட்டு மொத்தக் கரிமக் கார்பனை, அதாவது கரிமப் பொருள் எவ்வளவு மிச்சம் என்பதை, அளப்போம். நிறம் முழுக்கப் போயும் கார்பன் பாதிக்குமேல் அசையாமல் நின்றதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, சாதாரண டைட்டானியம் டைஆக்சைடுக்குப் புறஊதாதான் வேண்டும். வெயிலில் அது 5 சதவீதம் அளவுதான். மழைக்குப் பிந்திய கலங்கல் ஆற்றுநீரில் அதுவும் உள்ளே இறங்காது. உப்பு, ஈயம், ஃபுளோரைடு எதையும் உடைத்து இல்லாமலாக்க முடியாது.

இந்த வித்தைக்கு உரிய இடம் வேறு. டர்பன் கழிவுநீரில் எச்ஐவி மருந்துகளின் எச்சம் கண்டறியப்பட்டிருக்கிறது. வழக்கமான சுத்திகரிப்பு அதை முழுக்கப் பிடிப்பதில்லை. அங்கே, மற்றதெல்லாம் வடிந்த பிறகு கடைசிப் படியாக இதை வைக்கலாம் என்பது என் கணிப்பு. அடுப்படியில் அல்ல.

கிருமிதான் பயம் என்றால் கொதிக்க வைக்கச் சொன்னேன். கேஸ் தீர்ந்தால், தெளிந்த தண்ணீரை நிறமில்லாத 2 லிட்டர் பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றி 6 மணி நேரம் நல்ல வெயிலில் படுக்க வைக்கலாம். மேகமூட்டமென்றால் 2 நாள். பெரும்பாலான கிருமி சாகும், பூச்சிமருந்து போகாது.

வரும் ஞாயிறு பெரியம்மா வீட்டு வராந்தாவில் மூன்று ஜாடி வைக்கிறோம். சாயமெல்லாம் வாங்க வேண்டாமாம், வீட்டு மஞ்சள்தூளே போதுமாம்.