பிரெஞ்சில் 'அவளை'யும் 'அவளுக்கு'ம் ஏன் வினைக்கு முன்னால் வருகின்றன?

'ஜெ ரெகார்த் மரி' என்றால் நான் மரியைப் பார்க்கிறேன். 'ஜெ பார்ல் ஆ மரி' என்றால் நான் மரியிடம் பேசுகிறேன். இரண்டிலும் மரி என்ற பெயர் அப்படியே நிற்கிறது. உறவைக் காட்டுவது 'ஆ' என்ற குட்டிச் சொல். ஆனால் பெயருக்குப் பதில் 'அவள்' வந்தால் எல்லாமே இடம் மாறுகிறது: 'ஜெ லா ரெகார்த்', 'ஜெ லுயீ பார்ல்'. பிரதிப்பெயர் வினைக்கு முன்னால் தாவிவிட்டது. 'ஆ'வையும் காணோம், அது 'லுயீ'க்குள் கரைந்துவிட்டது.

லத்தீன் பெயர்ச்சொற்களுக்கு இருந்த வேற்றுமை உருபுகள் பிரெஞ்சில் உதிர்ந்துபோயின. பிரதிப்பெயர்களில் மட்டும் மிச்சம் இருக்கின்றன. 'லெ' (அவனை, அதை), 'லா' (அவளை), 'லே' (அவர்களை) நம் இரண்டாம் வேற்றுமைக்கு நெருக்கம். 'லுயீ' (அவனுக்கு, அவளுக்கு), 'லெர்' (அவர்களுக்கு) நான்காம் வேற்றுமைக்கு. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு தமிழை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. 'அவனுக்கு உதவுகிறேன்', 'அவனுக்காகக் காத்திருக்கிறேன்' என்போம். பிரெஞ்சில் இரண்டுக்கும் 'லெ'தான், உயிரெழுத்துக்கு முன் அது வெறும் 'ல்' ஆகச் சுருங்கும்: 'ஜெ லெத்', 'ஜெ லத்தான்'. எந்த வினை 'ஆ'வைக் கேட்கிறது என்பதை வினையோடு சேர்த்தே படிப்பதுதான் ஒரே வழி.

இந்தக் குட்டிச் சொற்கள் தனியாக வாழாதவை. 'யாரைப் பார்த்தாய்?' என்று கேட்டால் 'லெ' என்று பதில் சொல்ல முடியாது. அழுத்தம் தாங்க வேண்டிய இடத்தில் வேறு வடிவம் வேண்டும். லத்தீனின் 'மே' (என்னை) அழுத்தமில்லாத இடத்தில் 'மெ' என்றும், அழுத்தமுள்ள இடத்தில் 'முவா' என்றும் பிரிந்தது இப்படித்தான்.

எல்லோரையும் குழப்புவது கட்டளை வாக்கியம். 'அதை எனக்குக் கொடு' என்பது 'தொன் லெ முவா', வினைக்குப் பின்னால். 'கொடுக்காதே' என்றால் 'நெ மெ லெ தொன் பா', வினைக்கு முன்னால். இதன் காரணம் பழைய பிரெஞ்சில் இருக்கிறது: அங்கே அழுத்தமில்லாத சொல் வாக்கியத்தைத் தொடங்கக் கூடாது. 19-ஆம் நூற்றாண்டு மொழியியலாளர்கள் தோப்ளர், முசாஃபியா இருவர் பெயரால் வழங்கும் விதி இது. வினையே முதலில் வந்தால் பிரதிப்பெயர் பின்னால் போகும். எதிர்மறைச் சொல்லான 'நெ' முதலிடத்தைப் பிடித்துக்கொண்டால் முன்னாலேயே நிற்கும். 1674-இல் பிரெஞ்சுக் கவிஞர் புவாலோ எழுதிய ஒரு வரியைப் பாருங்கள்: 'பொலிஸே லெ சான் செஸ், ஏ லெ ரெபொலிஸே'. ஓயாமல் அதை மெருகேற்றுங்கள், மறுபடியும் மெருகேற்றுங்கள் என்று பொருள். முதல் வினைக்குப் பின்னால் 'லெ'. 'ஏ' என்ற இணைப்புச்சொல் வந்ததும் அதே 'லெ' முன்னால்! இன்று விதி போய்விட்டது, 'நெ' இல்லாத கட்டளையில் மட்டும் அதன் தழும்பு இருக்கிறது.

இரண்டு பிரதிப்பெயர்கள் சேர்ந்து வரும்போது அவற்றின் வரிசையும் அப்படித்தான். பழைய பிரெஞ்சில் 'அதை' முதலில், 'எனக்கு', 'உனக்கு' அப்புறம். பிறகு அது தலைகீழாகி 'ஜெ தெ லெ தொன்' (உனக்கு அதைக் கொடுக்கிறேன்) ஆனது. 'லுயீ'யும் 'லெர்'ரும் மட்டும் இந்த மாற்றத்தில் சேரவில்லை. ஆகவே இன்றும் 'ஜெ லெ லுயீ தொன்' (அதை அவனுக்குக் கொடுக்கிறேன்).

சில கூட்டணிகளுக்கு அனுமதியே இல்லை. 'உன்னை அவருக்கு அறிமுகப்படுத்துகிறேன்' என்பதற்கு 'தெ'யையும் 'லுயீ'யையும் சேர்த்து வினைக்கு முன்னால் அடுக்க முடியாது. 'ஜெ தெ பிரெசான்த் ஆ லுயீ' என்று பிரித்தே சொல்ல வேண்டும்; இங்கே 'ஆ'வோடு வரும் 'லுயீ' அழுத்தமுள்ள வடிவம். 'லெ லுயீ' இலக்கணப்படி சரிதான், ஆனால் பேச்சில் பிரெஞ்சுக்காரர்களே பல சமயம் அந்த 'லெ'யை விழுங்கிவிட்டு 'ஜெ லுயீ தொன்' என்று முடித்துக்கொள்கிறார்கள்.