ஊசியை நிறுத்தியாச்சு, மருந்து?

எடை குறைக்கும் ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போதே கர்ப்பம் என்று தெரிந்தால், அடுத்த ஊசியைப் போடாமல் மருத்துவரைப் பாருங்கள் என்பதுதான் பொதுவான அறிவுரை. சரி, ஏற்கெனவே போட்டது?

இந்த ஊசிகளில் ஒன்றான செமாகுளுடைடு ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். ரத்தத்திலுள்ள அல்புமின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு சுற்றுவதால் சிறுநீரகத்தால் அதைச் சட்டென்று வெளியேற்ற முடியாது. வாரம் ஒரு ஊசி போதும் என்ற வசதியே இதனால் கிடைத்ததுதான். கடைசி ஊசிக்குப் பிறகு 5 முதல் 7 வாரம் வரை மருந்து உடலில் தங்கும். அதனால்தான் குழந்தைக்குத் திட்டமிடுபவர்களை 2 மாதம் முன்பே நிறுத்தச் சொல்கிறார்கள். திட்டமிடாத கர்ப்பத்தில் அந்த அவகாசம் கிடையாது. மாதவிடாய் தள்ளிப்போய்ச் சோதித்துப் பார்த்த சில நாட்களிலேயே கருவின் நரம்புக்குழாய் (பின்னாளில் மூளையும் தண்டுவடமும் ஆவது) உருவாகத் தொடங்கும். கருத்தரித்த 28 நாளுக்குள் மூடியும்விடும். சோதித்த அன்றே ஊசியை நிறுத்தினாலும் மருந்து அப்போது உள்ளேதான் இருக்கும்.

அதற்காகப் பதறத் தேவையில்லை. மூலக்கூறு பெரியது, நஞ்சுக்கொடியை வைத்து ஆய்வகத்தில் பார்த்தபோது மிகக் கொஞ்சமே கடந்தது. விலங்குகளில் கரு பாதிக்கப்பட்டது உண்மை. ஆனால் தாய் விலங்குகள் சாப்பாட்டைக் குறைத்து இளைத்தும் போயின, ஆகவே பழி யார்மேல் என்று பிரிப்பது கஷ்டம். டைப் 2 சர்க்கரை நோயுள்ள கர்ப்பிணிகளைப் பற்றி 2023-இல் வந்த பன்னாட்டு ஆய்வில், இன்சுலின் போட்டவர்களைவிட செமாகுளுடைடு வகை மருந்து எடுத்தவர்களின் குழந்தைகளுக்குப் பெரிய பிறவிக் குறைபாடுகள் அதிகம் இல்லை. ஆறுதலான செய்திதான். ஆனால் மருந்து எடுத்தவர்கள் ஆயிரத்துக்கும் குறைவு, அதுவும் எடைக்காக எடுத்தவர்கள் அல்ல.

வலிப்பு மருந்தான டோபிரமேட் கலந்த எடை குறைப்பு மாத்திரை வேறு கதை. கருவின் உதடு, அண்ணம் பிளவுபடும் ஆபத்தை அது கூட்டுகிறது. ஆரம்பிக்கும் முன்பும், பிறகு மாதாமாதமும் கர்ப்பப் பரிசோதனை செய்யச் சொல்வது இதனால்தான்.

இந்தக் கர்ப்பங்கள் எதிர்பாராமல் வருவதற்கும் காரணம் உண்டு. எடை குறைந்ததும், பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) உள்ள பலருக்கு நின்றுபோன கருமுட்டை வெளியேற்றம் திரும்புகிறது. அப்புறம், இன்னொரு எடை குறைக்கும் ஊசியான டிர்செபடைடு இரைப்பை காலியாவதை மெதுவாக்குவதால் கருத்தடை மாத்திரை சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம். ஆரம்பித்த 4 வாரமும், அளவைக் கூட்டும் ஒவ்வொரு முறையும் 4 வாரமும் ஆணுறையும் சேர்த்துப் பயன்படுத்த வேண்டும். காப்பர் டி போன்றவற்றுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

சர்க்கரை நோய்க்காக இதே ஊசியைப் போடுபவர்கள் மாற்று ஏற்பாடு இல்லாமல் விட்டுவிடக் கூடாது. உறுப்புகள் உருவாகும் வாரங்களில் ஏறிய சர்க்கரை கருவைப் பாதிக்கும் என்பதில் சந்தேகமே இல்லை. மருத்துவர் பெரும்பாலும் இன்சுலினுக்கு மாற்றுவார். அதற்காக வழக்கமான செக்கப் தேதி வரை காத்திருக்க வேண்டாம்.