பல் துலக்கியோடு தோட்டத்துக்குப் போங்கள்

பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மகள் ஸ்காட்லாந்தில் இருக்கிறாராம். ஏப்ரல் பிறந்தால் போதும், வசந்தம் வந்துவிட்டது என்று தன் கண்ணாடிக் குடிலின் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்ப ஆரம்பித்துவிடுவாராம். இந்த வாரம் முளை, அடுத்த வாரம் நாற்று, ஆகஸ்டில் கொத்துக் கொத்தாகத் தக்காளி. பார்த்துப் பார்த்து ஆசை வந்து, அம்மாவும் வீட்டுப் பின்புறத்தில் இரும்புக் குழாய் நட்டு, மேலே பிளாஸ்டிக், சுற்றிலும் பூச்சி வலை என்று ஒரு குடில் போட்டுவிட்டார். செடி நெஞ்சளவு வளர்ந்துவிட்டது. பூவுக்கும் குறைவில்லை. ஆனால் ஒன்று விடாமல் காம்பின் நடுக்கணுவில் ஒடிந்து உதிர்கிறது. "வெளியே தொட்டியில் நிற்கிற கத்தரி நன்றாகக் காய்க்கிறது. தக்காளி மட்டும் ஏன் இப்படி? பக்கத்து வீட்டுப் பாட்டி கண் பட்டுவிட்டது என்கிறார்."

கண் படவில்லை. காரணம் இரண்டு. முதலாவதைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்குப் பிடித்தது இரண்டாவதுதான்.

பசுமைக்குடில் குளிர்நாட்டுக்காரர்களின் ஏற்பாடு. வெயில் உள்ளே புகுந்து தரையைச் சூடாக்குகிறது, தரை காற்றைச் சூடாக்குகிறது, சூடான காற்று மேலே எழுந்து தப்பிக்கக் கூரை விடுவதில்லை. அவ்வளவுதான். கண்ணாடி அகச்சிவப்புக் கதிரைச் சிறைபிடிப்பதுதான் முக்கியக் காரணம் என்று பள்ளியில் நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். 1909இலேயே ராபர்ட் வுட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். ஒரு பெட்டிக்குக் கண்ணாடி மூடி. இன்னொன்றுக்கு அகச்சிவப்பைத் தாராளமாக வெளியே விடும் பாறை உப்புத் தகடு, அதாவது நம் இந்துப்பு. இரண்டையும் வெயிலில் வைத்தார். ஏறக்குறைய ஒரே அளவுதான் சூடேறின.

ஸ்காட்லாந்தில் உறைபனியிலிருந்து நாற்றைக் காப்பாற்ற அந்தச் சூடு வேண்டும். பினாங்கில் எதற்கு? இங்கே வசந்தமும் இல்லை, உறைபனியும் இல்லை. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் 40 நிமிடம்கூட வராது. இரவிலும் வெப்பம் 24, 25 டிகிரிக்குக் கீழே இறங்க யோசிக்கும். தக்காளிக்குப் பிடித்த இரவு 15 முதல் 20 டிகிரி. பூ விரிவதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால், மொட்டுக்குள் மகரந்தம் உருவாகிக்கொண்டிருக்கும் நேரத்தில் சூடு தாக்கினால் அதில் பெரும்பகுதி உள்ளீடில்லாத சாவியாகிவிடுகிறது. நெற்பயிருக்குச் சொல்லும் சொல்தான், இதற்கும் சரியாகப் பொருந்துகிறது. கேமரன் மலையில் தக்காளி விளைவதன் ரகசியம் மண்ணில் இல்லை. அங்குள்ள தானா ராத்தா ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,400 மீட்டர் உயரம், நம்மைவிட 8, 9 டிகிரி குளிர்ச்சி. நேரில் உணர வேண்டுமானால் ரயிலேறிப் பினாங்குக் கொடிமலைக்குப் போய்ப் பாருங்கள். 800 மீட்டருக்கே உடம்பு சிலிர்க்கும்.

சரி, இனி இரண்டாவது. நாளைக் காலை ஒரு தக்காளிப் பூவைப் பறித்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். நடுவில் மஞ்சளாக ஒரு கூம்பு இருக்கும். அதைத் தொட்டால் கையில் தூள் ஒட்டாது. செம்பருத்தியைத் தொட்டால் விரலெல்லாம் மஞ்சளாகிறதே, இதில் ஏன் இல்லை? மகரந்தப்பைகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு குழலாக நிற்கின்றன. அவை குழலின் உட்பக்கமாகத்தான் வெடிக்கும். தூள் வெளியே வர நுனியில் மட்டுமே வழி. மேஜையில் வைக்கிற மிளகுத்தூள் டப்பா மாதிரி. கத்தரி, சுண்டை, மணத்தக்காளி எல்லாம் இதே குடும்பம், அவற்றில் ஒவ்வொரு பையின் உச்சியிலும் ஊசித்துளை போல ஓட்டை. உலகில் சுமார் 20,000 தாவர இனங்கள் இப்படித்தான் மகரந்தத்தைப் பூட்டி வைத்திருக்கின்றன.

பூட்டுவானேன்? தக்காளிப் பூவில் தேன் கிடையாது. வருகிறவர்களுக்குக் கொடுக்க மகரந்தம் ஒன்றுதான். திறந்து வைத்தால் வந்த முதல் தேனீயே மொத்தத்தையும் வழித்துக்கொண்டு போய்விடும். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக, சரியான ஆளுக்கு மட்டும் கொடுக்க வேண்டும். சரியான ஆள் என்பது சாவி வைத்திருப்பவர். அந்தச் சாவி ஒரு அதிர்வு!

சில தேனீ இனங்கள் செய்வதைக் கவனியுங்கள். கூம்பைக் கட்டிப்பிடித்து, தாடையால் கவ்விக்கொண்டு, உடம்பை அதன்மேல் வளைத்துக்கொள்ளும். இறக்கைகளை முதுகின்மேல் மடித்துக்கொள்ளும். அப்புறம் பறப்பதற்கான தசைகளை ஓடவிடும், ஆனால் பறக்காது. தேனீயின் பறப்புத் தசைகள் நேரடியாக இறக்கையில் கட்டப்பட்டவை அல்ல. அவை மார்புக்கூட்டை அமுக்கி விடுகின்றன, கூடு அதிர்வதில்தான் இறக்கை அசைகிறது. அந்த இணைப்பைக் கழற்றிவிட்டால், காரை நியூட்ரலில் போட்டு எண்ணெயை மிதிப்பது போல, சுமையில்லாத கூடு இன்னும் வேகமாக அதிரும். பறக்கும்போது வரும் ரீங்காரத்தைவிட இது ஒரு படி மேலே கேட்பது அதனால்தான். பல இனங்களில் நொடிக்கு 300 அதிர்வு வாக்கில் இருக்கும். ஹார்மோனியத்தின் நடுக்கட்டைகளில் அந்தச் சுருதியைத் தேடிப் பிடித்துவிடலாம்.

குழலுக்குள்ளே என்ன நடக்கிறது? சுவர் அதிர அதிர மகரந்தமணிகள் கேரம் காய்களைப் போல மோதித் தெறித்து, நுனி வழியாகச் சிறு புகையாகப் பீச்சியடிக்கின்றன. தேனீயின் மயிர்களில் இருக்கும் மின்னேற்றம் அவற்றை இழுத்துக்கொள்கிறது. கொஞ்சம் அதே பூவின் சூல்முடியிலும் படுகிறது, தக்காளிக்கு அது போதும். உறுமி மேளத் தோல்மேல் திருநீற்றைத் தூவி ஒரு தட்டுத் தட்டினால் துள்ளுமே, அந்தத் துள்ளல்தான்.

சாதாரணத் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. நாம் வளர்க்கிற கெலுலுட் என்னும் கொடுக்கில்லாத் தேனீக்கும் தெரியாது. ஐரோப்பியக் குடில்களில் ஒரு காலத்தில் ஆட்கள் மின்சார அதிர்வுக்கோலைப் பிடித்துக்கொண்டு கொத்துக் கொத்தாகத் தொட்டுக்கொண்டே போவார்கள். ரோலண்ட் டி யோங்கே என்ற பெல்ஜியக் கால்நடை மருத்துவர் 1987இல் இந்த வித்தை தெரிந்த பம்பிள் தேனீக்களை வளர்த்து விற்கத் தொடங்கிய பிறகு அந்த வேலை போய்விட்டது. அதைத் தருவித்தால் என்ன என்று கேட்காதீர்கள். தென் அமெரிக்காவுக்குக் கொண்டுபோய், அங்கிருந்த சொந்த இனம் இப்போது அழிவின் விளிம்பில் நிற்கிறது.

நமக்குத்தான் சொந்தமாகவே ஆள் இருக்கிறதே. உத்தரத்தைத் துளைக்கும் பெரிய கருவண்டு. பெயர்தான் வண்டு, உண்மையில் அது ஒரு தேனீ. நீலப்பட்டைத் தேனீயும் உண்டு. ஆஸ்திரேலியாவில் அதன் உறவினத்தைப் படம் பிடித்தபோது, நொடிக்கு 350 முறை தலையால் பூவை மோதுவது தெரிந்தது. நான் இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் வீட்டுப் பின்கட்டுப் பலகையில் கருவண்டு போட்ட துளைகளையெல்லாம் சிமெண்ட் வைத்து அடைத்தேன். பலகை பிழைத்தது. அந்த ஆண்டு கத்தரிக்காய் பாதியாகக் குறைந்தது. வண்டுதான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் இப்போது ஒரு மரக்கட்டையை அதற்கென்றே விட்டு வைத்திருக்கிறேன். செயற்கைத் தேனீ ரோபோவுக்குக் கொட்டுகிற பணத்தில் கொஞ்சத்தை இந்தக் கருவண்டைப் படிக்கிற மாணவர்களுக்குக் கொடுக்கலாம் என்பது என் கட்சி.

ஆக, வாசகியின் வலை வெள்ளை ஈயைத் தடுத்ததோடு சாவிக்காரரையும் வாசலிலேயே நிறுத்திவிட்டது. காற்றும் நுழையாததால் பூ ஆடக்கூட வழியில்லை. கடிதத்தின் கடைசியில் அவர் இன்னொன்றும் எழுதியிருந்தார். மாதவிலக்கு நாட்களில் மருமகள் குடிலுக்குள் போனதால் இப்படி ஆகியிருக்குமோ என்று வீட்டில் பேச்சாம். எனக்குக் கோபம் வந்தது. பூவுக்குச் சூடு தெரியும், அதிர்வு தெரியும். தீட்டு தெரியாது. அந்தப் பெண்ணிடம்தான் நான் இந்த வேலையைக் கொடுக்கச் சொல்வேன்: பேட்டரியில் ஓடும் பல் துலக்கியை எடுத்துக்கொண்டு காலை பத்து மணி வாக்கில் உள்ளே போக வேண்டும். அதற்கு முன்னால் ஈரம் அதிகம், மகரந்தம் ஒட்டிக்கொள்ளும். பூவைத் தொடாமல், கொத்தின் காம்பில் பின்பக்கமாக இரண்டு, மூன்று நொடி வைத்தால் போதும். மறுநாளும் அதற்கு மறுநாளும்.

பகலில் பக்கவாட்டு வலையைச் சுருட்டி விடுங்கள், நண்பகலுக்கு நிழல்வலை கட்டுங்கள். பிளாஸ்டிக் கூரை இருக்கட்டும், மழையில் இலை நனையாமல் இருப்பது நல்லதுதான். பெரிய தக்காளியைக் கேமரன் மலைக்காரர்களுக்கு விட்டுவிட்டு, சூட்டிலும் ஓரளவு காய்க்கிற செர்ரித் தக்காளிக்கு மாறுங்கள். செத்த மகரந்தத்தை எந்தத் துலக்கியாலும் எழுப்ப முடியாது.

பாகல் கொடியையும் உள்ளே ஏற்றலாமா என்று கேட்டிருந்தார். ஏற்றலாம். அதற்கு அதிர்வு வேண்டாம், ஆனால் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. அடியில் குட்டிப் பாகற்காய் இருப்பது பெண்பூ. வலை மூடியிருந்தால், காலை ஒன்பதுக்குள் ஓர் ஆண்பூவைப் பறித்து அதன்மேல் தொட்டுவிட வேண்டும்.