சென்சார் மிச்சம் பிடிப்பதைக் கேமரா தின்றுவிடாமல்

அத்திப்பட்டு, வல்லூர் அனல்மின் நிலையங்களை அக்கம்பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கும் வடசென்னையில் ஒரு யூனிட் மின்சாரம் வெறும் பில் கணக்கு அல்ல. நம் நாட்டு நிலக்கரியில் ஒரு யூனிட் எடுக்க ஏறக்குறைய 700 கிராம் எரிய வேண்டும். அதில் மூன்றில் ஒரு பங்கு சாம்பலாகும். அதாவது யூனிட்டுக்கு 200 கிராமுக்கு மேல் சாம்பல்.

கட்டடப் பாதுகாப்புக் கருவிகளால் மின்சாரம் மிச்சமாகும் என்று விற்பனையாளர்கள் சொல்வது பொய்யில்லை, பாதி உண்மை. அந்தக் கருவிகளும் 24 மணி நேரமும் தின்றுகொண்டேதான் இருக்கின்றன. பெரம்பூரில் ஒரு நடுத்தர அடுக்குமாடியை எடுத்துக்கொள்வோம். தலா 5 வாட்டில் 16 கேமராக்கள், 80 வாட். பதிவுப் பெட்டியும் கேமராக்களை அதனுடன் இணைக்கும் நெட்வொர்க் சுவிட்ச்சும் சேர்த்து 40. இரண்டு காந்தப் பூட்டுகள் 12. வாட்ச்மேன் அறை டிவி 40. மொத்தம் 172 வாட், நாளுக்கு நாலு யூனிட்டுக்குச் சற்று மேல்.

வரவுப் பக்கத்தில் பெரிய ஆள், திருடனைக் கண்டுபிடிக்க வந்த பிஐஆர் சென்சார், அதாவது உடல் வெப்பத்தை வைத்து ஆள் நடமாட்டத்தை உணரும் கருவி. மனித உடல் வெளியிடும் அகச்சிவப்புக் கதிர், 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி உச்சத்தில் இருக்கும். சென்சாருக்குள் இரண்டு உணர் துண்டுகள் எதிரெதிராக இணைக்கப்பட்டிருக்கும். முன்னால் இருக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் மூடிதான் லென்ஸ். அது பார்வைப் பரப்பைப் பட்டை பட்டையாகப் பிரிக்கிறது. ஆள் ஒரு பட்டையிலிருந்து அடுத்ததற்குக் கடக்கும்போது ஒரு துண்டில் வெப்பம் ஏறி மற்றதில் இறங்கும். அந்த வித்தியாசம்தான் விளக்கைப் போடுகிறது.

ஆகவே குறுக்கே நடப்பவரை அது சட்டென்று பிடிக்கும். நேராக அதை நோக்கி வருபவரைத் தாமதமாகத்தான் பார்க்கும். பார்க்கிங்கில் நடைபாதையின் கோடியில் மாட்டாமல் பக்கவாட்டில், 2.2 முதல் 2.5 மீட்டர் உயரத்தில் மாட்டுவது இதனால்தான். ஏசி வெளியலகின் சூடான காற்று படும் இடமும் வேண்டாம். இன்னொன்று, சென்னைக்கே உரிய சங்கடம்: மே மாதத்தில் சுற்றுப்புறமே 37, 38 டிகிரி இருக்கும்போது உடம்புக்கும் சுவருக்கும் வெப்ப வேறுபாடு சுருங்கி, ஏழு மீட்டரில் பிடித்த சென்சார் நாலு மீட்டர் வந்தால்தான் விழிக்கும். பழுதென்று கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். பழுதில்லை, வெயில்.

20 வாட் எல்இடி டியூப் 20, இரவு 12 மணி நேரம் எரிந்தால் 4.8 யூனிட். அதில் ஐந்தை மட்டும் விடிய விடிய விட்டுவிட்டு, பதினைந்தைச் சென்சாரில் போட்டு அவை சராசரியாக இரண்டு மணி நேரம் எரிந்தால் 1.8 யூனிட்தான். மிச்சம் மூன்று. ஆனால் ஒரு சென்சாரில் நிறைய டியூப்களைத் தொங்கவிடாதீர்கள். எல்இடி டிரைவர்கள் (டியூபுக்கு மின்சாரம் தரும் சுற்றுகள்) இயங்கத் தொடங்கும் நொடியில் இழுக்கும் மின்னோட்டம் பல மடங்கு. மலிவான சென்சாருக்குள் சுவிட்சாக வேலை செய்யும் ரிலேயின் முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். அதன்பின் விளக்கு அணையவே அணையாது. நடுவில் ஒரு கான்டாக்டர், அதாவது அந்த மின்னோட்டத்தைத் தாங்கும் பெரிய ரிலே, வைத்தால் தீர்ந்தது. அணையும் நேரத்தை 30 நொடியில் வைப்பதும் தப்பு. சாவி தேடும்போது இருட்டாகிப்போன யாராவது மறுநாளே எலக்ட்ரீஷியனை அழைத்து நேரடி இணைப்புக் கொடுத்துவிடுவார். மூன்று நிமிடம் சரி.

மூன்று யூனிட் வரவு, நாலு யூனிட் செலவு. செலவைக் குறைக்க முதலில் கைவைக்க வேண்டியது அந்த டிவி. அதை அணைத்தாலும் பதிவு நிற்காது. தேவைப்படும்போது போட்டால் போதும். இதிலேயே நாளுக்கு ஒரு யூனிட் போகிறது.

அடுத்து பூட்டு. காந்தப் பூட்டு கதவைப் பிடித்திருக்கும் நேரமெல்லாம் 6 வாட் வேண்டும், நாளுக்கு 144 வாட்மணி. திறக்கும்போது மட்டும் மின்சாரம் கேட்கும் ஸ்ட்ரைக் பூட்டு, ஒரு நாளில் 200 முறை ஐந்து ஐந்து நொடி திறந்தாலும் இரண்டு வாட்மணியைத் தாண்டாது. தீ விபத்தில் வெளியேறும் வழியில் மட்டும் இந்த மாற்றம் கூடாது. அங்கே கரண்ட் போனால் தானே விடுவிக்கும் காந்தப் பூட்டுதான் பாதுகாப்பு.

பதிவிலும் கொழுப்பு உண்டு. 4 எம்பிபிஎஸ் வேகத்தில் ஒரு கேமரா நாளுக்கு 43 ஜிபி எழுதும். 16 கேமராவுக்கு 30 நாள் வைக்க 20 டிபிக்கு மேல். வீடியோவை இன்னும் சுருக்கிப் பதியும் எச்.265 முறைக்கு மாற்றினால் ஏறக்குறைய பாதி; ஒன்றிரண்டு ஹார்ட் டிஸ்க் குறையும், நாளைய மின்கழிவும் குறையும். அசைவு வந்தால் மட்டும் பதிவு என்று வைப்பவர்கள் லென்ஸில் சிலந்தி வலை இருக்கிறதா பார்க்க வேண்டும். இரவில் அகச்சிவப்பு ஒளியில் அது மினுமினுத்து விடியும் வரை பதிவாகிக்கொண்டே இருக்கும்.

ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் உப்புக் காற்று வேறு. கேமராவின் பின்னால் தொங்கும் வயர் இணைப்பை மூடியில்லாமல் வெளியே விட்டால் செப்பு முனை பச்சை பூத்து, கருவியே குப்பைக்குப் போகும். காப்பாற்றுவது ஒரு சிறிய பிளாஸ்டிக் பெட்டி.

எவ்வளவு தின்கிறது என்று பார்க்கத் தனிக் கருவி வேண்டாம். பொது மீட்டரில் மினுக்கும் சிவப்பு விளக்கே போதும். யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்று மீட்டர் முகத்தில் அச்சிட்டிருக்கும். அது 3200 என்றால், லிஃப்ட், மோட்டார், விளக்கு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் எண்ணுங்கள். மேலே சொன்ன 172 வாட் அமைப்பு 92 முறை மினுக்கும். டிவியை அணைத்து, தீ வழியில் இல்லையென்றால் இரண்டு பூட்டையும் மாற்றிய பிறகு 64.