தட்டணுக்களின் ஏற்பிகளும் இரத்தம் உறைதலும்

டெங்கு பரவும் மழைக்காலத்தில் தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டச் சிற்றூர்களில்கூடத் இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் (பிளேட்லெட்) எண்ணிக்கை பற்றிய பேச்சு அடிபடுகிறது. ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 1,50,000 முதல் 4,50,000 வரை இருந்தால் இயல்பு என்பார்கள். ஆனால் எண்ணிக்கை இயல்பாக இருந்தும் சிலருக்கு இரத்தம் எளிதில் நிற்பதில்லை. அவர்களுடைய தட்டணுக்களின் மேற்பரப்பில் பிற பொருள்களைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் என்னும் புரதங்களில் குறை இருக்கக்கூடும்.

குறுவை அறுவடையின்போது கருக்கரிவாள் விரலில் பட்டுவிட்டால், வெட்டுண்ட நாளத்தின் உட்படலத்துக்கு அடியில் மறைந்திருந்த கொலாஜன் என்னும் புரத இழைகள் வெளிப்படுகின்றன. இரத்தத்தில் மிதந்துவரும் வான் வில்லிபிராண்ட் காரணி என்ற நீண்ட புரதம் அந்த இழைகளில் ஒட்டி, ஓட்டத்தின் இழுவிசையால் சுருட்டிவைத்த வைக்கோற்பிரி அவிழ்வதுபோல நீள்கிறது. அவ்வாறு நீண்டபின் வெளித்தெரியும் பகுதியைத் தட்டணுவின் ஜிபி 1பி ஏற்பி பற்றுகிறது. இந்தப் பிடி உறுதியானதன்று, விடுவதும் பற்றுவதுமாக இருக்கும். விரைந்தோடும் தட்டணுவின் வேகத்தைத் தணிப்பதற்கு அதுவே ஏற்றது. வேகம் தணிந்ததும் ஜிபி 6 ஏற்பி கொலாஜனை உணர்ந்து தட்டணுவைத் தூண்டுகிறது. தூண்டப்பட்ட தட்டணு வெளியிடும் ஏடிபி, திராம்பாக்சேன் என்னும் வேதிப்பொருள்கள் அருகிலுள்ள தட்டணுக்களின் ஏற்பிகளை எட்டி அவற்றையும் தூண்டுகின்றன. இதய நோயாளிகள் உண்ணும் குளோபிடோகிரெல் மாத்திரை, ஏடிபிக்கான பி2ஒய்12 ஏற்பியைத்தான் அடைக்கிறது.

என்னைப் பெரிதும் வியக்கவைப்பது ஜிபி 2பி/3ஏ ஏற்பி. ஒரு தட்டணுவில் ஏறத்தாழ 80,000 இருக்கும். தட்டணு தூண்டப்படாதவரை இவை மடங்கியே கிடக்கின்றன. இவை பற்றும் ஃபைப்ரினோஜன் என்னும் புரதம் எப்போதும் இரத்தத்தில் இருப்பதால், இவை முன்கூட்டியே நிமிர்ந்திருந்தால் காயமில்லாத நாளங்களிலும் அடைப்பு உண்டாகிவிடும். தட்டணுவுக்குள்ளிருந்து சமிக்ஞை வந்த பிறகே இவை நிமிர்ந்து ஃபைப்ரினோஜனைப் பற்றுகின்றன. அதன் இரு முனைகளையும் வெவ்வேறு தட்டணுக்கள் பற்றுவதால் திரள் உருவாகிறது.

இந்த ஏற்பி பிறவியிலேயே இல்லாத அல்லது செயல்படாத நோயை 1918இல் சுவிட்சர்லாந்தின் குழந்தை மருத்துவர் கிளான்ஸ்மன் விவரித்தார். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுபட்ட மரபணு வந்தால்தான் இது வெளிப்படும் என்பதால், அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணக்கும் வழக்கமுள்ள நம் பகுதியில் இதை அறிந்திருப்பது மிகவும் தேவை. குழந்தைக்கு அடிக்கடி மூக்கிலோ ஈறிலோ இரத்தம் கசிந்தால், எண்ணிக்கை சரி என்ற அறிக்கையோடு நின்றுவிடக் கூடாது. தட்டணுக்கள் திரளும் திறனையும் சோதிக்க வேண்டும். அச்சோதனையில் இந்நோயாளியின் தட்டணுக்கள் ஏடிபி சேர்த்தாலும் கொலாஜன் சேர்த்தாலும் திரள்வதில்லை. ரிஸ்டோசெட்டின் என்னும் சோதனைப் பொருளைச் சேர்த்தால் மட்டும் ஒட்டுகின்றன, ஏனெனில் அதற்குத் தேவையான ஜிபி 1பி அவர்களிடம் பழுதின்றி இருக்கிறது.