ரிவர்ஸ்ல சுத்தாத கியர் லாரிக்குள்ள எப்படி வந்துச்சு?

"வார்ம் கியர்ல வீலைச் சுத்தினா வார்ம் சுத்தாதுன்னு படிச்சோமே, அப்புறம் 1917ல வந்த ஃபோர்டு மாடல் டிடி லாரியோட பின் ஆக்சில்ல எப்படி அதைப் போட்டாங்க?"ன்னு ஒரு வாசகர் கேட்டிருக்கார். அருமையான கேள்விங்க.

மரை வெட்டின தண்டு ஒண்ணு பல்சக்கரத்தைத் தள்ளும், அதான் வார்ம் கியர். தண்டுக்குப் பேரு வார்ம், பல்சக்கரத்துக்குப் பேரு வீல். கிட்டார் கம்பியை முறுக்குற சாவிலயும் இதேதான், கம்பி எவ்வளவு இழுத்தாலும் சாவி திரும்பாது. ஆனா வண்டிக்கு அப்படி இருக்கவே கூடாது. ஓட்டத்துல ஆக்சிலரேட்டர்லருந்து காலை எடுத்தா டயர்தான் எஞ்சினைச் சுத்தணும், அதுக்கு வழி இல்லேன்னா பின் டயர் லாக் ஆகிடும்.

எல்லாமே மரையோட சாய்வுலதான் இருக்கு. உராய்வு எண் (உராய்வு எவ்வளவு பலமா இருக்குன்னு சொல்ற எண்) 0.05ன்னு வச்சுக்கிட்டா அதுக்குண்டான உராய்வுக் கோணம், அதாவது வழுக்க ஆரம்பிக்கிற சாய்வு, கிட்டத்தட்ட 3 டிகிரி, மரை அதைவிடப் படுத்திருந்தா லாக். 5 டிகிரியில திரும்பும், ஆனா கொடுத்த சக்தியில 63% தான் வெளிய வரும், மிச்சம் சூடாப் போயிடும். அதே எண்ணெய், அதே உலோகம், சாய்வை மட்டும் 40 டிகிரி ஆக்குங்க, 90% வந்துடும்!

சாய்வை எப்படி ஏத்துறது? ஒரே தண்டுல பக்கத்துப் பக்கத்துல நாலஞ்சு மரை ஓடவிடணும், இதைத்தான் மல்டி ஸ்டார்ட்ங்கிறோம். மாடல் டிடியோட விகிதம், அதாவது வீல் ஒரு சுத்து சுத்த வார்ம் எத்தனை சுத்து சுத்தணும்ங்கிறது, 7.25, அதைப் பார்த்தாலே இது தெரிஞ்சுடும் பாருங்க. ஒரே மரைன்னா வீல் பல்லு எத்தனையோ அதான் விகிதம், முழு எண்ணாத்தான் வரும். கால் பங்கு ஒட்டிக்கிட்டு வருதுன்னா குறைஞ்சது 4 மரை இருந்தே ஆகணும், 29 பல்லை 4ஆல வகுத்தா சரியா 7.25. எனக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடிக்கும்.

இங்கிலாந்துல ஃபிரெடரிக் லான்செஸ்டர்ங்கிற கார் எஞ்சினியர் இன்னும் ஒரு படி மேல போனார். வார்மோட நடுவை உடுக்கை மாதிரி ஒடுக்கி வீலை அணைச்சுக்க வச்சார், கூடுதல் பல்லு சுமையைப் பகிர்ந்துக்கும். அதை வெட்டுறதுக்கு மெஷின், எவ்வளவு சக்தி வீணாகுதுன்னு அளக்க இன்னொரு மெஷின், அளந்து பார்த்தா கொடுத்த சக்தியில 95%க்கு மேல வெளிய வந்துச்சு. நம்ம காலேஜ்கள்ல இப்படி அளக்குற ரிக் கட்ட காசு ஒதுக்கணும், புது டிசைனுக்குக் கொடுக்குற மதிப்பை அளவெடுக்கவும் கொடுக்கணும்ங்கிறது என் உறுதியான கருத்து.

அந்தக் காலத்துல நேர்ப்பல் பெவல் கியர் (கூம்பு வடிவப் பல்சக்கர ஜோடி) கத்தும், வார்ம் சத்தமே போடாது, ஒரே படியில நல்லா வேகத்தைக் குறைச்சும் கொடுக்கும். ஆனா பல்லு உருளாம வழுக்கிக்கிட்டே போறதால சூடு ஏறும், அதுக்குத்தான் எஃகு வார்மோட வெண்கல வீல். பழைய ஆக்சிலை யாராவது ரெடி பண்றீங்கன்னா கந்தகம் கலந்த கியர் ஆயிலை ஊத்திடாதீங்க, சில வகை வெண்கலத்தை அரிச்சுடும்.